வீட்டுக் கூடத்தில் கேட்கும் திருவையாறு: குறை என் காதிலா, ஒளிபரப்பிலா?

வைகைக்கரை, மதுரை (கேள்வி)

எழுபது வயதைக் கடந்த ரசிகர்களிடமும், அவர்களோடு வீட்டில் அமர்ந்து கச்சேரி கேட்கும் பிள்ளைகளிடமும் ஒரு கருத்துக் கேட்க விரும்புகிறேன். முழங்கால் தேய்மானத்தால் சபாக்களுக்கும் திருவையாற்றுக்கும் போவதை நிறுத்திவிட்ட நான், மார்கழிக் கச்சேரிகளையும், தியாகராஜ சுவாமிகள் மறைந்த நாளான புஷ்ய பகுள பஞ்சமி அன்று திருவையாற்றில் நடைபெறும் தியாகராஜ ஆராதனையையும் தொலைக்காட்சியில்தான் கேட்டு வருகிறேன். பொதிகை என்று நாம் சொல்லிப் பழகி, 2024 முதல் டிடி தமிழ் என்ற பெயரில் வரும் அலைவரிசை, சுவாமிகள் இயற்றிய ஐந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளை நேரலையாகத் தந்திருப்பது வீட்டை விட்டு வெளியேற இயலாதவர்களுக்குப் பெரிய கொடை என்பதை முதலில் நன்றியோடு சொல்லிவிடுகிறேன்.

ஆனாலும் வெவ்வேறு அலைவரிசைகளில் கச்சேரி பார்க்கும்போது சில ஐயங்கள் எழுகின்றன. மிருதங்கமும் கடமும் ஓங்கி ஒலிக்க, பாடகரின் சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள், அவற்றுக்கு அடியில் அமிழ்ந்துபோவதாக எனக்குத் தோன்றுகிறது. நன்றாக அறிந்த கீர்த்தனையாக இருந்தால் சொற்களை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்கிறேன். புதிய கீர்த்தனையாக இருந்தால் ராகம் மட்டுமே எட்டுகிறது. பாடகர் சொற்களின்றி ராகத்தை விரிக்கும் ஆலாபனைக்கு மறுமொழியாக வயலின் கலைஞர் வாசிக்கும்போது காமிரா பாடகரின் முகத்திலேயே நிற்கிறது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நிகழ்ச்சியை வெட்டி, அடுத்த பாட்டுக்குத் தாவும் வழக்கமும் சில தனியார் அலைவரிசைகளில் இருக்கிறது. பஞ்சரத்னத்தின்போதோ, முன்வரிசையில் இருக்கும் அறிமுகமான சில முகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன.

என் மகன், “அம்மா, எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் கேட்கிறது” என்கிறான். ஆகவே சாகித்யம் கேளாமல் போவது வயதின் விளைவா, ஒலிபரப்பின் குறையா என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். மற்றவற்றைப் பற்றியும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

தோடி ரசிகர், கும்பகோணம்

அம்மா, காதைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. காமிராவைப் பற்றி நீங்கள் எழுதியது என் மனத்திலும் நெடுநாளாக இருப்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஐந்து கீர்த்தனைகளையும் எல்லாரும் ஒன்றாக அமர்ந்து பாடும் வழக்கம் மிகப் பழையது என்று பலர் எண்ணுகிறார்கள், அது அப்படியன்று. சுவாமிகள் 1847ஆம் ஆண்டு சித்தியடைந்தார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆராதனையைப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரு பிரிவினர் தனித்தனியே நடத்தினார்கள். இரண்டிலுமே பெண்களுக்குப் பாட இடம் இல்லை. சமாதி இருந்த இடத்தை வாங்கித் தம் சொந்தப் பொருளைக் கொண்டு ஆலயம் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்த அம்மையாருக்கே பாடும் உரிமை கிடைக்காததால், அவர் பெண்களைத் திரட்டிச் சமாதியின் பின்புறத்தில் தனியாக ஆராதனை நடத்த வேண்டியிருந்தது. 1940களின் தொடக்கத்தில் இப்பிரிவுகள் எல்லாம் ஒன்றுபட்ட பிறகுதான் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பஞ்சரத்னத்தைக் கூட்டாகப் பாடும் முறை நிலைபெற்றது. யார் முந்திப் பாடுவது, யாருக்கு எந்த நேரம் என்ற பூசல்களுக்கு இடையே நடந்துகொண்டிருந்த ஒரு விழா, எவருக்கும் முதன்மை இல்லாத ஒரு பாடல் முறையை அடைந்தது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அப்படிப்பட்ட ஒன்றைப் படம்பிடிக்கும்போது நட்சத்திரங்களைத் தேடிக்கொண்டு காமிரா அலைவது, அந்தப் பாடல் முறையின் உயிர்நாடிக்கே எதிரானது அல்லவா?

பல ஆண்டுகள் பந்தலில் அமர்ந்து கேட்டவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே நேரில் கேட்பவருக்கு மேடையின் ஒலியை விடப் பக்கத்தில் அமர்ந்து பாடுபவரின் குரலே அதிகமாகக் கேட்கும். திருமஞ்சன வீதியில் சுவாமிகள் வாழ்ந்த இல்லத்திலிருந்து புறப்படும் உஞ்சவிருத்தி (வீதியில் பாடிக்கொண்டே பிச்சை பெறும்) பஜனை சமாதிக்கு வந்து சேர்வதும், நாகஸ்வரம் முழங்குவதும், புல்லாங்குழல் கலைஞர்கள் பைரவி ராகத்தில் “சேதுலாரா” வாசிப்பதும், அதன் பிறகு பஞ்சரத்னத்தின் முதல் கீர்த்தனையான “ஜகதானந்தகாரகா” நாட்டை ராகத்தில் எழும்புவதும், அதே வேளையில் சுவாமிகளின் திருமேனிக்கு அபிஷேகம் நடப்பதும் ஒரே ஓட்டமாக நிகழும். இவற்றில் அபிஷேகத்தைப் பந்தலில் இருப்பவர்களில் மிகச் சிலரே காண முடியும். தொலைக்காட்சி அதை நம் அனைவருக்கும் காட்டுகிறது. ஆகவே நேரில் கேட்பதே உயர்ந்தது, வீட்டில் கேட்பது தாழ்ந்தது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

காமிராவுக்கு அங்கே காட்ட வேண்டிய செல்வம் நிறைய இருக்கிறது. வராளி ராகத்தில் அமைந்த “கனகனருசிரா” வரும்போது கவனித்திருக்கிறீர்களா? வராளியைக் குரு சீடனுக்கு நேரே கற்பிக்கலாகாது என்ற பழைய நம்பிக்கையால் அந்தக் கீர்த்தனை மற்ற நான்கைப் போல அவ்வளவாகப் பரவவில்லை. கூட்டத்தின் குரல் அங்கே சற்றே தணியும். பலர் புத்தகத்தைப் பார்ப்பார்கள். நன்கு பாடம் உள்ளவர்களின் குரல் தனித்து மேலே வரும். ஸ்ரீ ராகத்தில் “எந்தரோ மகானுபாவுலு” தொடங்கியதும் கூட்டம் முழுவதும் மீண்டும் ஒன்றாக எழும். பின்வரிசையில் தாளம் போட்டபடி பாடும் கிராமத்து இசையாசிரியர்களையும், பாட்டியின் மடியருகே அமர்ந்து வாயசைக்கும் குழந்தைகளையும் அந்த வேளையில் காட்டினால், பார்ப்பவர் விழாவின் உள்ளேயே இருப்பார்.

ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர், திருச்சி

இசை நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவே என் வாழ்நாள் தொழிலாக இருந்தது. அம்மாவின் கேள்விக்கு விடை: குறை இரண்டு இடத்திலும் இருக்கிறது, ஒன்று மற்றொன்றைப் பெரிதாக்குகிறது.

முதலில் ஒலிபரப்பைப் பார்ப்போம். மேடையில் பாடகருக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் தனித்தனியே ஒவ்வொன்று, கடத்துக்கு ஒன்று என்று வைப்பது இன்றைய வழக்கம். அந்த ஒலிகளை அரங்கத்தில் அமர்ந்திருப்பவர்களுக்காகக் கலப்பது ஒரு வேலை. வீட்டில் கேட்பவர்களுக்காகக் கலப்பது முற்றிலும் வேறு வேலை. அரங்கத்துக் கலவை அந்த அரங்கத்தின் சுவர்களையும் எதிரொலியையும் கூட்டத்தையும் கணக்கில் கொண்டு செய்யப்படுவது. செலவையும் ஆட்களையும் மிச்சப்படுத்த அதையே அப்படியே எடுத்து ஒளிபரப்பினால், அரங்கம் இல்லாத அரங்கத்து ஒலி வீட்டுக்கு வந்து சேர்கிறது. நல்ல நேரலைகளில் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் இரண்டாகப் பிரித்து, ஒளிபரப்பு வண்டியில் தனியாக ஒரு கலவை செய்வார்கள். அங்கே கர்நாடக இசை தெரிந்த ஒருவர் அமர்ந்திருந்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

அடுத்தது, ஒலி அளவை மட்டுப்படுத்தும் கருவி. ஒளிபரப்பில் ஒலி ஓர் எல்லைக்கு மேல் போகக்கூடாது என்பதற்காக, ஓங்கிய ஒலி வந்தவுடன் மொத்த ஒலியையும் ஒரு கணம் கீழே இறக்கும் கருவி பொருத்தப்பட்டிருக்கும். மிருதங்கத்தில் வலுவான அடி விழும் ஒவ்வொரு முறையும் அது வேலை செய்தால், அந்த அடியோடு சேர்ந்து பாடகரின் குரலும் தணிந்துவிடும். தாளத்தின் முக்கியமான இடங்களில்தான் வலுவான அடியும் விழுகிறது. சாகித்யத்தின் முக்கியமான எழுத்துகளும் பெரும்பாலும் அங்கேதான் அமைகின்றன. மிருதங்கத்துக்கு அடியில் சொற்கள் அமிழ்கின்றன என்று அம்மா எழுதியது மிகத் துல்லியமான கவனிப்பு.

இனிக் காதைப் பற்றி. வயது ஏறும்போது மேல்ஸ்தாயி ஒலிகளை, அதாவது கூர்மையான உயர் ஒலிகளை, கேட்கும் திறனே முதலில் குறைகிறது. க, ச, த, ப போன்ற மெய்களைப் பிரித்தறிய உதவும் நுண்ணிய ஒலிகள் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. உயிரொலியின் நீட்சி, அதாவது ராகம், கீழே இருப்பதால் அது நன்றாகக் கேட்கும். ராகம் எட்டுகிறது, சொல் எட்டவில்லை என்று நீங்கள் சொன்னதற்குக் காரணம் இதுவே. உங்கள் மகனுக்கு அந்த மேல்ஸ்தாயி ஒலிகள் கேட்பதால், கலவையில் உள்ள குறையை அவரால் கடந்துவிட முடிகிறது.

காது கேட்கும் கருவி அணிபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கருவிகள் பேச்சைத் தெளிவாக்குவதற்காக உருவானவை. மாறாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் தம்பூராவின் சுருதியை அவை மின்விசிறியின் இரைச்சலைப் போலக் கருதிக் குறைக்கக்கூடும்; நீண்டு நிற்கும் புல்லாங்குழல் ஸ்வரத்தைக் கருவியின் சொந்த ஊளைச் சத்தம் என்று எண்ணி அடக்க முயல்வதால் ஸ்வரம் நடுங்குவது போலக் கேட்கும். இதற்காகவே பல கருவிகளில் இசைக்கென்று தனி அமைப்பு இருக்கிறது. அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, இசை கேட்பதற்கான அமைப்பைச் சேர்த்துத் தருமாறு கேட்டு வாங்குங்கள்.

தொலைக்காட்சிப் பெட்டியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. இன்றைய தட்டைப் பெட்டிகளில் ஒலிபெருக்கி மிகச் சிறியது. பெரும்பாலும் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கும். தொப்பியின் ஆழ்ந்த கும்கி ஒலி அதில் ஏறக்குறைய வரவே வராது. வலந்தலையின் கூர்மை மட்டும் வந்து காதைக் குத்தும். ஒலி அமைப்பில் சரவுண்ட், தானாக ஒலியளவைச் சரிசெய்வது ஆகிய இரண்டையும் அணைத்துவிடுங்கள். வீட்டில் பழைய ஸ்டீரியோ இருந்தால் பெட்டியின் ஒலியை அதனோடு இணைத்துக் கேளுங்கள். தலையில் அணியும் ஹெட்போன் சாகித்யத்துக்கு இன்னும் நல்லது.

வடமராட்சி வாசகி, பருத்தித்துறை

இங்கே எழுதியவர்கள் எல்லாரும் காவிரிக்கோ வைகைக்கோ அருகில் இருப்பவர்கள். கடலுக்கு இக்கரையில் இருந்து கேட்பவர்களின் நிலையையும் சேர்த்து எண்ண வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டில் திருச்சி வானொலிதான் சங்கீதப் பள்ளிக்கூடம். என் தகப்பனார் பஞ்சமி அன்று காலையில் குளித்துத் திருநீறு பூசி, வானொலிப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்துவிடுவார். 1980களின் பின்பகுதியில் பனைமர உயரத்துக்கு அன்டெனா கட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து வந்த தூரதர்ஷன் அலையைப் பிடித்தோம். படம் முழுவதும் புள்ளிகளாக இருந்தாலும், அதுவரை குரலாக மட்டுமே அறிந்திருந்த கலைஞர்களை அதில்தான் கண்ணால் கண்டோம். பின்னர் போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளின் டைனமோவை மிதித்து வானொலி கேட்ட தலைமுறை நாங்கள். பாட்டு முடியும் வரை யாராவது ஒருவர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிக் கேட்டவர்களுக்கு இன்றைய தெளிவான நேரலை எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்காகக் குறைகளைச் சொல்லக்கூடாது என்று நான் கூறவில்லை. வயலின் வாசிப்பைக் காட்டாமல் விடுவது எனக்கும் மிகுந்த வருத்தம் தருகிறது; ஏனென்றால் என் பேத்தி வயலின் படிக்கிறாள். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் ஒரு கமகத்தில் விரல் எங்கிருந்து எங்கே வழுக்கிச் செல்கிறது, வில்லை எந்த இடத்தில் திருப்புகிறார்கள் என்பதையெல்லாம் அவள் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் குறித்துக்கொள்கிறாள். அரங்கத்தின் முதல் வரிசையில் அமர்ந்தாலும் அவ்வளவு அருகில் காண முடியாது. தனி ஆவர்த்தனத்தில் இரு கைகளையும் சேர்த்துக் காட்டினால் மிருதங்கம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதே பயன் கிடைக்கும். நேரில் கிடைக்காத ஒன்றைத் தொலைக்காட்சியால் தர முடிகிற இடம் இது. அங்கேயே அது கைவிரித்துவிடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பஞ்சரத்னத்தில் முதல் கீர்த்தனை வடமொழியிலும் மற்ற நான்கும் தெலுங்கிலும் இருக்கின்றன. எங்களைப் போன்றவர்கள் பொருள் தெரியாமலேயே பல்லாண்டுகள் உருகிக் கேட்டிருக்கிறோம். கௌளை ராகத்தில் வரும் “துடுகு கல” முழுவதும் தம் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, என்னை எந்த அரசகுமாரன் காப்பான் என்று சுவாமிகள் கேட்கும் கீர்த்தனை என்பதை நான் மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். அறிந்த பிறகு அந்த ராகமே எனக்கு வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது. திரையின் அடியில் ஒவ்வொரு சரணத்தின் பொருளையும் ஒரு வரித் தமிழில் ஓடவிட்டால், சாகித்யம் காதில் விழாத முதியவர்களுக்கும் அது துணையாகும்.

தவில் வீட்டுப் பிள்ளை, மயிலாடுதுறை

சுருக்கமாக ஒன்றைச் சொல்கிறேன். விழாக்களின் நேரலையில் நாகஸ்வரமும் தவிலும் முழங்கும் பகுதியில்தான் அறிவிப்பாளர்கள் பேசத் தொடங்குகிறார்கள். கலைஞர்களின் பெயரைச் சொல்லாமல், “மங்கல இசையுடன் விழா தொடங்குகிறது” என்று ஒரு வரியோடு கடந்துவிடுகிறார்கள். வாசிப்பவர் ஆலாபனையில் ஒரு ராகத்தைக் கட்டி எழுப்பிக்கொண்டிருக்கும்போது, அதன் மேல் வருகை தந்தவர்களின் பட்டியலைப் படிப்பது எங்கள் குடும்பத்துப் பெரியவர்களை மிகவும் புண்படுத்துகிறது. தோடி ராகம் என்றாலே நாகஸ்வர மேதை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரைச் சொல்லும் மண்ணில் அந்த வாத்தியம் பின்னணி ஒலியாக ஆகிவிடக் கூடாது.

ஒலிப்பதிவாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. தவிலுக்கு மிக அருகில் மைக் வைத்துவிட்டு, பிறகு இரைச்சலாக இருக்கிறது என்று மொத்தமாகக் குறைத்துவிடுகிறார்களே, இதற்கு வழி இல்லையா?

ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர், திருச்சி

வழி உண்டு, தம்பி. தவிலும் நாகஸ்வரமும் திறந்த வெளிக்காகவும் கோயில் வீதிகளுக்காகவும் பிறந்த வாத்தியங்கள். அவற்றின் ஒலி சிறிது தூரம் பயணம் செய்த பிறகே முழு உருவம் பெறும். குழுவுக்கு முன்னால் சில அடிகள் தள்ளி, சற்று உயரத்தில் இரண்டு மைக்குகளை வைத்தாலே நல்ல ஒலி கிடைக்கும். தவில் கலைஞரின் வலக்கை விரல்களில் அணிந்திருக்கும் கடினமான கூடுகளின் ஓசையை அருகில் வைத்த மைக் மிகைப்படுத்துவதே நீங்கள் சொல்லும் இரைச்சலுக்குக் காரணம்.

மயிலை வாசி, சென்னை

எனக்கு அறுபத்திரண்டு வயது; இங்கே இளையவன் என்று சொல்லலாம். பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்கிறேன். ஒளிபரப்பின் குறைகளைப் பற்றி இங்கே எழுதியவை அனைத்தும் சரியானவை. ஆனால் கச்சேரி பார்க்கும் மூத்தவர்களாகிய நம்மிடமும் மாற வேண்டியது ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சி முகத்தை அருகில் காட்டுவதாலோ என்னவோ, வீடுகளில் பேச்சு முழுவதும் பாடகியின் புடவையைப் பற்றியும், பாடும்போது அவர் முகம் கோணுவதைப் பற்றியும், பழைய பாடகர்களான அரியக்குடியும் ஜி.என்.பி.யும் இருந்த காலத்தைப் பற்றியுமே இருக்கிறது. பாடிய ராகத்தைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

குறிப்பாகத் திருவையாற்றில் இளம் கலைஞர்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அங்கே யாரும் சன்மானம் பெறுவதில்லை. சமாதியின் முன் ஓர் அஞ்சலியாகப் பாடிவிட்டு இறங்குகிறார்கள். குரல் பதமாவதற்கு முன்பே நேரம் முடிந்துவிடும். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, “இந்தப் பையனிடம் அழுத்தம் இல்லை, இந்தப் பெண்ணிடம் கற்பனை இல்லை” என்று தீர்ப்புச் சொல்வது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி. ஒருவரை எடைபோட வேண்டுமானால் மார்கழியில் அவருடைய முழுக் கச்சேரியைக் கேட்க வேண்டும். 2020 டிசம்பரில் பெருந்தொற்றால் சபாக்கள் இணையத்துக்கு மாறிய பிறகு, அப்படி முழுமையாகக் கேட்பது வீட்டிலிருப்பவர்களுக்கும் எளிதாகிவிட்டது. அப்பதிவுகள் பலவற்றில் தனி ஆவர்த்தனம் வெட்டப்படாமலே இருக்கிறது. மூத்த ரசிகர்கள் தொலைக்காட்சியோடு நின்றுவிடாமல், பிள்ளைகளின் உதவியோடு அவற்றையும் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தோடி ரசிகர், கும்பகோணம்

மயிலை அன்பரின் சொல்லை ஏற்கிறேன். ஆனால் பழைய வித்வான்களைப் பற்றிப் பேசுவதையே குறையாகக் கொள்ள வேண்டாம். அவர்களைக் கேட்டு வளர்ந்த காது, ஒரு ராகத்தை எவ்வளவு நேரம் அவசரமில்லாமல் நிறுத்தி வைக்கலாம் என்பதை அறிந்த காது. இளைஞர் ஒருவர் அப்படி நிறுத்திப் பாடும்போது முதலில் கண் கலங்குகிறவர்களும் இந்த முதியவர்கள்தான்.

வைகைக்கரை, மதுரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒலிப்பதிவாளர் ஐயா சொன்னபடி பெட்டியின் அமைப்பை மாற்றி, மகனின் ஹெட்போனை அணிந்து, பதிவு செய்து வைத்திருந்த ஓர் ஆரபி கீர்த்தனையைக் கேட்டேன். சொற்கள் முன்னைவிடத் தெளிவாக வருகின்றன. மிருதங்கத்தின் வலுவான அடியில் குரல் தணிவது மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே அது ஒளிபரப்பின் பங்கு என்பது எனக்கு இப்போது விளங்கிவிட்டது.

கச்சேரிகளை ஒளிபரப்பும் அலைவரிசைகளுக்கு ஒரு கடிதம் எழுத எண்ணியிருக்கிறேன். வீட்டில் கேட்பவர்களுக்கென்று தனி ஒலிக்கலவை செய்யவும், பக்கவாத்தியம் வாசிக்கும் நேரத்தில் வாசிப்பவரைக் காட்டவும், தனி ஆவர்த்தனத்தை வெட்டாமல் இருக்கவும், நாகஸ்வரத்தின் மேல் பேசாமல் கலைஞர்களின் பெயரை எழுத்தில் காட்டவும், பஞ்சரத்னத்துக்குத் தமிழில் பொருள் தரவும் அதில் கேட்கப்போகிறேன். பருத்தித்துறை அம்மா இசைந்தால், சரணங்களுக்கான பொருளை நாம் இருவரும் சேர்ந்து எழுதி, தெலுங்கு நன்கு அறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி, கடிதத்தோடு இணைத்தே அனுப்பிவிடலாம். கையில் எழுதித் தந்துவிட்டால் திரையில் இடுவது அவர்களுக்கு எளிதாக இருக்கும். கடிதத்தில் கையொப்பமிட விரும்புகிறவர்கள் ஊரின் பெயரோடு இங்கே தெரிவியுங்கள்.

வடமராட்சி வாசகி, பருத்தித்துறை

மகிழ்ச்சியோடு இசைகிறேன். “துடுகு கல”வின் சரணங்களை நான் எடுத்துக்கொள்கிறேன். வராளிக் கீர்த்தனையை நீங்கள் எழுதுங்கள், அம்மா.